பித்தளை சுவிட்சும் தர்மபுரிப் பாறையும்

பழைய வீடுகளில் பித்தளை மூடி போட்ட உருண்டை சுவிட்ச் பார்த்திருப்பீர்கள். அடியில் பீங்கான், மேலே ஒரு சின்னக் குமிழ். தொடர்பைச் சட்டென்று பிரித்து தீப்பொறியைக் குறைக்கும் சுவிட்சை 1884-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் செய்தார். அந்த வம்சம்தான் இது. 1907-ல் பேக்கலைட் வந்தது. அதில் செய்த கருப்பு சுவிட்ச், பித்தளையை மெல்ல ஓரங்கட்டியது.

கை படும் பாகம் மின்சாரம் கடத்தாது என்றானதும், லைட் சுவிட்ச் வரை எர்த் வயர் இழுக்கப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடவில்லை. இப்போ பித்தளை, ஸ்டீல் சுவிட்ச் ஃபேஷனாகத் திரும்பி வருது. பழைய பெட்டியைக் கழற்றினால் பல வீடுகளில் பேஸும் ரிட்டர்னும் மட்டும்தான். ஒரு வயர் தளர்ந்து தகட்டில் பட்டால் 230 வோல்ட் விரல் நுனியில்.

"எர்த் கொடுத்துட்டா போச்சு" என்பார்கள். தர்மபுரியில் அது பாதி பதில்தான். பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. கரியும் உப்பும் போட்ட எர்த் குழிகூட கோடையில் காய்ந்துவிடும். (குழிக்குத் தண்ணி ஊத்தச் சொன்ன பழைய வயர்மேன்கள் விஷயம் தெரிந்தவர்கள்.) குழியின் தடை 50 ஓம் என்று வையுங்கள்: 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது, தகட்டில் கரண்ட் அப்படியே நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதே கசிவில் நொடிக்குள் விழும்.

சிலர் குழியே வேண்டாமென்று சுவிட்ச் பெட்டியில் எர்த்தை நியூட்ரலோடு முறுக்கிவிடுகிறார்கள். அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், லைட்டைப் போட்டதுமே தகட்டில் கரண்ட்.