லண்டன் சாக்கடையும் ஒரு பொறியாளரும்

பொறியாளர் என்றதும் பாலமும் இயந்திரமும்தான் நம் நினைவுக்கு வரும். சாக்கடை யாருக்கு ஞாபகம் வருது?

நகரத்துக் கழிவெல்லாம் கலந்து 1858 கோடையில் லண்டன் தேம்ஸ் நதி நாறியது. அதற்கு முன்பே காலரா என்னும் வாந்திபேதி பலமுறை வந்து ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிருந்தது. ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளரிடம் திட்டம் தயார். பெரியவர்களோ செலவைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றோரப் பாராளுமன்றத்துக்குள்ளேயே நாற்றம் புகுந்த பிறகுதான் சட்டம் பிறந்தது!

சுமார் 132 கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்கல் சுரங்கக் கால்வாய்கள் எழுந்தன. தாழ்வான இடங்களில் கழிவை மேலே தூக்க நீராவி பம்புகள். 1865-இல் திறப்பு விழாவும் நடந்தது. ஆனால் துறைமுகக் கூலிகள் நிறைந்த கிழக்கு லண்டனில் வேலை முடியவில்லை. 1866-இல் காலரா மறுபடி வந்தது. லண்டனில் 5,000 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் அந்தக் கிழக்குப் பகுதிக்காரர்கள்.

தாழ்ந்த நிலம், பம்பு தேவை, அதனால் தாமதம் என்பார்கள். உண்மைதான். இருந்தும் என் மனம் ஆறவில்லை. லயத்து வாய்க்கால் அடைத்துக்கொண்டபோது நம்மில் எத்தனை பேர் கிராணியார் வாசலில் நின்றிருப்போம்!

1868-இல் கிழக்கின் பம்பு நிலையமும் ஓடத் தொடங்கியது. அதன்பின் லண்டனில் காலரா கொள்ளைநோயாக வரவேயில்லை.