கொழும்பு மாநகரில் துருக்கித் தொப்பி

மானங் காக்கவும் வெயில் குளிரைத் தடுக்கவும் தோன்றிய ஆடை, காலப்போக்கில் ஒரு சமுதாயத்தின் மதிப்பைத் தாங்கும் சின்னமாகவும் ஆகிவிடுகின்றது. கொழும்புச் சோனகர் அணிந்த துருக்கித் தொப்பியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

செந்நிறக் கம்பளியாலாகி, உச்சியிற் கருங்குஞ்சம் தொங்கும் இத்தொப்பி, மேலைநாட்டாரிடையே மொறொக்கோவிலுள்ள பெஸ் நகரின் பெயரால் வழங்குவது. 1829ஆம் ஆண்டிலே துருக்கிச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத், அரச ஊழியர் தலைப்பாகையை நீக்கி இதனையே அணிதல் வேண்டுமென விதித்தார். பழைமையை மாற்றவந்த இவ்வணி எகிப்திலும் பரவிற்று. கெய்ரோ நகரிலே எளிய ஆடவர் நீண்ட அங்கியுந் தலைப்பாகையுந் தரித்தனர். பெண்டிர் வெளியே செல்லுங்கால் உடல் முழுதும் போர்வையால் மூடினர். படைத்தலைவரும் அலுவலருமோ ஐரோப்பியச் சட்டையுடன் இத்தொப்பியைச் சூடினர்.

அத்தகைய படைத்தலைவருள் ஒருவரே அஹ்மத் ஒறாபி பாஷா. 1882இல் தெல்எல்கபீர்ப் போரிற் பிரித்தானியரிடந் தோற்று, நாடு கடத்தப்பட்டு, 1883 சனவரியிற் கொழும்பை அடைந்தார். 1901 வரை இலங்கையில் வாழ்ந்தார். சாரம் உடுத்துவந்த சோனக ஆடவருட் கற்றோர், அவரைப் பின்பற்றியே காற்சட்டையுந் துருக்கித் தொப்பியும் அணியலாயினர் என்பர். பெண்டிரோ சேலைத் தலைப்பை முக்காடாக இடும் வழக்கத்தைக் கைவிட்டிலர்.

1905இல் எம். சி. அப்துல் காதர் என்னும் அப்புக்காத்து, இத்தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் வழக்குரைக்கத் தலைமை நீதியரசர் லேயாட் இசைந்திலர். ஐரோப்பியர்க்குத் தலை திறத்தல் மரியாதை. கீழைநாட்டார் பலர்க்குத் தலை மூடுதலே மரியாதை. இவ்விரு மரபுகளும் அம்மன்றத்தில் மோதின. தொப்பியைக் களைந்தாலன்றித் தொழில் இல்லை என்னும் நிலை ஒருவர்க்கு வந்தபோது, அதனைத் தம் அனைவர்க்கும் நேர்ந்த இழிவாகவே சோனகர் கருதினர். 1905 திசம்பர் 31ஆந் தேதி மருதானையிற் பெருங்கூட்டங் கூடிக் கண்டித்தனர். ஈற்றில் அவ்வுரிமை வழங்கப்பட்டது.

ஒறாபி பாஷா வந்திறங்கி அப்பொழுது 22 ஆண்டுகளே கழிந்திருந்தன. பின்னர் 1925இல் துருக்கி அரசே இத்தொப்பியைப் பழைமையின் சின்னமெனத் தடைசெய்தது; 1952ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் எகிப்திலும் அது வழக்கொழிந்தது. ஓரிடத்தே புதுமையாய்த் தோன்றியது பிறிதோரிடத்தே மரபாயிற்று. தோன்றிய நாட்டிலேயே பழைமையெனத் தள்ளவும்பட்டது. ஆதலின் ஓர் ஆடை மரபுடையதா என்பதை அதன் வயதுகொண்டு அளத்தல் பொருந்தாது. அதனைக் களையுமாறு பணிக்கப்படும்போது அணிந்தோர் எதனை இழப்பதாக உணர்கின்றனர் என்பதே உரைகல்லாகும்.