தாளில் ஒரு மைலேஜ், சாலையில் ஒரு மைலேஜ்

ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் சொன்ன மைலேஜைத் தராவிட்டால் பழி ஓட்டுபவரின் காலுக்கே போகிறது. அமெரிக்க அனுபவம் வேறு சொல்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல் அங்கே வந்த டாட்சன் 280இசட் கார்ப்யூரேட்டரைக் கைவிட்டு, உள்ளே போகும் காற்றை அளந்து பெட்ரோல் தெளிக்கும் பாஷ் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது; புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் அதற்குக் காரணம். ஆனால் தாளில் அச்சிடும் மைலேஜைக் கணக்கிட்ட அரசின் நெடுஞ்சாலைச் சோதனையோ ஆய்வகத்து உருளைகள்மேல் மணிக்கு 96 கிலோமீட்டரைத் தாண்டவே இல்லை, ஏசியும் ஓடவில்லை.

வேகப் பிரியர்கள் மிதித்தால் பெட்ரோல் கரையாதா என்று கேட்பார்கள். கரையும்தான். ஆனால் 1985 மாடல்களிலிருந்து நகரக் கணக்கில் 10 சதவீதமும் நெடுஞ்சாலைக் கணக்கில் 22 சதவீதமும் குறைத்து அச்சிட்டபோது, சாதுவான குடும்பக் கார்களும் அதில் அடங்கின. கோளாறு அளவுகோலில்தான் இருந்தது. அதிவேகம், ஏசி, கடுங்குளிர் மூன்றும் 2008 மாடல்களிலிருந்துதான் கணக்கில் சேர்ந்தன.