0/35

போன மாசம் ஊர் வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது, அப்பா கட்டி வைத்திருந்த பழைய டெலிபோன் பில்களுக்கு நடுவே ஒரு வெள்ளை டப்பா கிடைத்தது. மூன்று துளைகள்: லைன், போன், மோடம். ஏடிஎஸ்எல் காலத்து ஸ்ப்ளிட்டர். இதை வைத்துக்கொண்டு நான் பழைய குறிப்புகளைத் தோண்ட ஆரம்பித்தது தனிக்கதை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமாக. டயல்-அப். மோடம் பேசினால் மனுஷன் பேச முடியாது. 2004 அக்டோபரில் வந்த மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, 256 கேபிபிஎஸ் வேகமும் எப்போதும் அறுபடாத இணைப்பும் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. (இன்றைக்கு 256-ஐச் சொன்னால் என் பையன் சிரிக்கிறான்.) 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் வந்தது. அதற்காக யாரும் வீடு வீடாகப் புதுக் கேபிள் இழுக்கவில்லை. போனுக்குப் போட்ட அதே செம்புக் கம்பிதான்.

எப்படி முடிந்தது? நம் பேச்சுக்கு போன் ஒதுக்கியது 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். கம்பியோ பத்து லட்சம் ஹெர்ட்ஸ் தாண்டியும் தாங்கும். நாலுவழிச் சாலையைப் போட்டுவிட்டு இத்தனை காலம் ஓரத்து நடைபாதையில் மட்டும் நடந்துக்கிட்டிருந்தோம்! மிச்ச இடத்தில் கொஞ்சம் அப்லோடுக்கு, பெரும்பகுதி டவுன்லோடுக்கு. ஏன் இந்தப் பாரபட்சம்? 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பெல்கோரில் இதை யோசித்தபோது மனதில் இருந்தது இணையம் இல்லை, போன் கம்பி வழியாக வீட்டுக்கு சினிமா அனுப்புவது. பார்ப்பவன் திருப்பி என்ன அனுப்பப்போகிறான்?

மோடத்தில் 0/35 என்று ஒரு எண் போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அது ஏடிஎம் தடத்தின் எண் (பணம் எடுக்கிற ஏடிஎம் இல்லை). அதில் தகவல் 53 பைட் பொட்டலங்களாகப் போகும். முகவரிக்கு 5, சரக்குக்கு 48. ஏன் 48? அமெரிக்கத் தரப்பு 64 கேட்டது, ஐரோப்பியத் தரப்பு 32 கேட்டது. நடுவில் வெட்டினார்கள். எந்த இன்ஜினியரும் தானாக இந்த எண்ணுக்கு வந்திருக்க மாட்டான், பஞ்சாயத்துதான் வரும்.

சரி, ஸ்ப்ளிட்டருக்கு வருகிறேன். பேச்சை ஒரு பக்கமும் டேட்டாவை ஒரு பக்கமும் பிரித்துவிடுவது அதன் வேலை. எங்கள் வீட்டுக்கு இணைப்பு வந்த புதிதில், போன் மணி அடித்தால் நெட் போய்விடும். மூன்று வாரம் மண்டையை உடைத்தேன். கடைசியில் பார்த்தால், சமையலறையில் ஒரு பேரலல் போன். அம்மா அடுப்பை விட்டு ஓடிவர வேண்டாம் என்று அப்பா தொண்ணூறுகளில் தானே வயர் இழுத்துப் போட்டது. அது ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே லைனிலிருந்து பிரிந்து போயிருந்தது. தப்பு எங்கள் வயரிங்கில்தான்.

"இதை எடுத்தாத்தாம்மா நெட் நிக்கும்" என்று சொல்லிக் கழற்றினேன். நெட் நின்றது. எனக்கு ஒரே பெருமை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் சித்தி போன் வந்தால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வருவாள், நின்றபடியே பேசுவாள், சீக்கிரம் வைத்துவிடுவாள். மொபைல் வாங்கித் தரும்வரை நாலைந்து வருஷம் அப்படித்தான்.

பரணிலிருந்து எடுத்த டப்பாவைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. சமையலறை வயரைக் கழற்றியே இருக்க வேண்டாம். ஸ்ப்ளிட்டரின் போன் துளையிலிருந்து அதை எடுத்திருந்தால் இரண்டு போனும் வேலை செய்திருக்கும், நெட்டும் நின்றிருக்கும். பத்து நிமிஷ வேலை. நான் பி.இ. படித்தவன்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பாவோட வயரு செவுத்துலதான் இன்னும் இருக்கு" என்றாள்.