நோயாளர் குறிப்பேட்டிலிருந்து தரவுக் கிடங்கு வரை: தாம்பரம், தென்சென்னை மருத்துவப் பதிவுகள்

மின்னணு நோயாளர் பதிவுகளைத் திரட்டி ஆய்வுக்குரிய தரவுக் கிடங்காக்கும் பணி, கணினியின் வருகைக்குப் பின் தோன்றியதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. சென்னையின் மருத்துவமனை வரலாறு, குறிப்பாகத் தாம்பரம், அடையாறு ஆகிய இடங்களின் வரலாறு, இக்கருத்துக்கு இடமளிக்கவில்லை.

இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் இல்லம் நடத்திய மருத்துவர் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் ஒரு காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1937இல் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. அருகிலுள்ள ரயில் நிலையம் இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே வழங்குகிறது. சானடோரிய மருத்துவத்தில் எடை, உடல்வெப்பம், சளிப் பரிசோதனை முதலியவை தொடர்ந்து குறிக்கப்பட்டன. ஆயினும் அவை ஒரு நோயாளியின் பொருட்டு எழுதப்பட்டவை. ஒருவரை மற்றவரோடு ஒப்பிடும் நோக்கம் அவற்றுக்கு இல்லை. 1956இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம் இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. அங்குக் கேள்வி முதலில் வந்தது. படிவம் அதற்கேற்ப அமைந்தது. வீட்டிலிருந்து பெறும் சிகிச்சை சானடோரிய சிகிச்சைக்குப் பெரிதும் இணையானதே என 1959இல் வெளியான அதன் முடிவு, சானடோரியம் என்ற அமைப்பின் தேவையையே கேள்விக்குள்ளாக்கியது.

தரவுக் கிடங்கு என்னும் கருத்துக்கு இவற்றினும் நெருக்கமானது அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்தில் அமைந்த சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு. அன்று புற்றுநோயை அறிவிக்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. ஆகவே பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனைதோறும் சென்று நோயாளர் கோப்புகளிலிருந்து விவரங்களைத் தாங்களே பெயர்த்தெழுதினர்; இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டனர். ஒருவரே மூன்று மருத்துவமனைகளில் காட்டியிருந்தால் மூவராக எண்ணப்படக் கூடாது. தமிழ்ப் பெயர் மரபில் இது எளிய செயலன்று. குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்து தந்தையுடையதாகவோ கணவருடையதாகவோ இருக்கலாம். ஒரே பெயர் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படும். வயது பெரும்பாலும் தோராயமே. எனவே முகவரியும் நோய் தோன்றிய உறுப்பும் சேர்த்துப் பார்க்கப்பட்டன. இன்று மென்பொருள் செய்யும் பதிவிணைப்பு அன்று மனிதக் கண்ணால் நடந்தது. வசிப்பிடமும் முக்கியம்: எல்லைக்கு வெளியிலிருந்து சிகிச்சைக்கு வந்தவரை மக்கள்தொகைப் பதிவேடு கணக்கில் சேர்ப்பதில்லை. புறநகரில் வாழ்ந்து நகரில் சிகிச்சை பெறுவோர் நிறைந்த இப்பகுதியில் இது சிறிய சிக்கலன்று.

அடையாற்றில் இணைத்தல் ஆய்வின் தேவையாயிற்று. தாம்பரத்தில் அதுவே அச்சத்துக்குக் காரணமாயிற்று. அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சைத் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியபோது, முதற்கட்ட மையங்களுள் தாம்பரம் மார்பு நோய் மருத்துவமனையும் ஒன்று. மாதந்தோறும் மருந்து பெற வருபவரின் சி.டி.4 அளவு, மருந்து முறை, வருகை தவறிய நாள் ஆகியன ஆய்வாளருக்குப் பெருஞ்செல்வம். ஆனால் எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கு வெளியே தெரிதல் என்பது வேலையையும் வீட்டையும் இழப்பதாக முடியலாம். அத்தகையோர் தவறான முகவரி தருவதைப் பிழையெனக் கொள்வது பொருந்தாது, அது தற்காப்பு. பதிவிணைப்பு நெறிமுறையோ அதனைத் தரவுக் குறையாகவே காண்கிறது.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்று விவரங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ள வேண்டும் என்கிறது. 2021இல் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கமோ 14 இலக்க எண் ஒன்றால் ஒருவரின் பதிவுகளை இணைக்க முனைகிறது. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்ற வாதம் வலுவற்றது. ஒரு புறநகர் வார்டு, வயது, மருந்து தொடங்கிய மாதம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அவ்வூரார்க்கு அது யாரெனத் தெரிந்துவிடக்கூடும்.