செம்புரட்சியின் கதை: குறுக்கே நின்ற ரயில்

செம்படை உறைந்த கடலின்மேல் நடந்துபோய்க் க்ரோன்ஷ்டாட் கோட்டையைத் தாக்கிய கதையை இந்த இதழில் சொல்வதாகச் சென்ற வாரம் வாக்களித்திருந்தேன். ஆனால் அங்கே போகும் வழியில் ஒரு ரயில் குறுக்கே நிற்கிறது, அதைப் பாராமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

1918ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வோல்கா நதிக்கரையிலுள்ள கஸான் நகரம் புரட்சிக்கு எதிரான வெண்படையின் வசமாகி, மாஸ்கோவுக்கே ஆபத்து வந்துவிட்டதென்று பலரும் கலங்கிய வேளையில், யுத்த மந்திரி ட்ராட்ஸ்கி ஏறிப் புறப்பட்ட ரயில் அது. இரண்டு எஞ்சின்கள் இழுத்த அந்த வண்டியில் அச்சுக்கூடம் உண்டு, தந்தி நிலையம் உண்டு, புத்தகசாலையும் ஸ்நான அறையும் மோட்டார்களுக்கு ஒரு கொட்டகையுங்கூட உண்டு. 'வழியில்' என்றொரு பத்திரிகை அதிலேயே அச்சாயிற்று. ஊழியர்கள் தோலுடுப்பு தரித்து மிடுக்காக உலவினார்கள். ஸ்வியாஷ்ஸ்க் என்ற சிற்றூரின் நிலையத்தில் அது நின்றிருந்தபோது, மகா சூரனாகிய வெண்படைத் தளபதி கப்பெல் பின்புறமாகச் சுற்றி வந்து தாக்க, குமாஸ்தாக்களும் சமையற்காரர்களும் துப்பாக்கி ஏந்த நேர்ந்தது. பகைவனேயானாலும் கப்பெலின் சாமர்த்தியத்தை மெச்சாமலிருக்க முடியவில்லை.

அதே நெருக்கடியில், பெட்ரோகிராடிலிருந்து வந்த படைப்பிரிவொன்று களத்தைவிட்டோடி, நீராவிக் கப்பலைக் கைப்பற்றி நதிவழியே தப்ப முயன்றது. பீரங்கிப் படகு வழிமறித்தது. ராணுவ நீதிமன்றம் கூடியது. தளபதியும், கட்சிக்காரரான கமிஸாரும், சாதாரணச் சிப்பாய்கள் பலரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போர்முனையில் மரண தண்டனை ஒழிந்தது என்று சோவியத் காங்கிரஸ் தீர்மானம் செய்து அப்போது ஒரு வருஷங்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 10ஆம் தேதி கஸான் செம்படையின் வசம் மீண்டது. இந்தப் பயங்கர முறைகளை ஜெர்மன் சோஷலிஸ்ட் அறிஞர் காவுட்ஸ்கி 1919இல் 'பயங்கரவாதமும் கம்யூனிஸமும்' என்ற நூலில் கண்டிக்க, ட்ராட்ஸ்கி மறுவருஷமே அதே தலைப்பில், அந்த ரயில் பெட்டியில் இருந்தபடியே, மறுப்பு எழுதினார். முதலாளித்துவ யுத்தத்தில் லட்சோப லட்சம் பேர் மடிந்தபோது வாய் திறவாதவர்களுக்குப் புரட்சியின் துப்பாக்கியைக் குறைகூற என்ன யோக்கியதை என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவ்வாதத்தின் கூர்மையை நான் மறுக்கவில்லை; களத்தைவிட்டு ஓடியவனுக்குத் தண்டனை என்பது எந்தச் சேனையிலும் உள்ள கொடுமையே. ஆனால் செம்படையில் பணிபுரிந்த பழைய ஜாரின் அதிகாரிகள் கட்சி மாறினால் அவர்கள் பெண்டு பிள்ளைகளைச் சிறைபிடிக்க வேண்டுமென்று 1918 இலையுதிர் காலத்தில் இதே ட்ராட்ஸ்கி கட்டளையிட்டாரே, அதற்கு எந்தச் சித்தாந்தமும் சமாதானம் சொல்ல முடியாது, அது அநியாயம்.

1921 மார்ச்சில் கிளர்ந்தெழுந்த க்ரோன்ஷ்டாட் மாலுமிகளின் குடும்பத்தாரும் பெட்ரோகிராடில் பிணையாகப் பிடிக்கப்பட்டார்கள். அதை அடுத்த இதழில் தவறாமல் எழுதுகிறேன்.