எட்டுப் புள்ளிகளும் ஒரு பழைய லாண்ட் றோவரும்

சனிக்கிழமைகளில் எனக்குத் தொலைபேசி எடுக்கும் நண்பர்களுக்கு மனைவி சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். “அவர் வாகனத்துக்குக் கீழை கிடக்கிறார்.”

வாகனம் என்று அவ சொல்வது, இங்கிலாந்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் 1969ஆம் ஆண்டு லாண்ட் றோவர். சீரிஸ் 2ஏ, 88 அங்குலம். 2005இல் ஒரு விவசாயியிடம் வாங்கினேன். “இருக்கிற காசுக்கு நல்ல ரொயோட்டா ஒண்டு வாங்கியிருக்கலாம்” என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

இந்த வாகனம் பிறந்ததே தட்டுப்பாட்டில்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு இருந்தது. ஏற்றுமதி செய்கிற கொம்பனிக்குத்தான் உருக்கு. றோவர் கொம்பனியோ உள்ளூரில் வசதியானவர்களுக்குக் கார் செய்து விற்றவர்கள். போர்க்காலத்தில் விமான இஞ்சின்கள் செய்த சொலிஹல் தொழிற்சாலை கையில் இருந்தது. அதில் எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

அந்தக் கொம்பனியின் தலைமைப் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவிலிருந்த தன் நிலத்தில் ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பை வைத்து வேலை செய்தார். அமெரிக்கா 1941 முதல் 1945 வரை ஆறு இலட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய ஜீப்பில் மிஞ்சியதொன்று. உதிரிப்பாகம் கிடைப்பது சிரமம். அதற்குப் பதிலாக வாங்க வேறு வாகனமும் இல்லை. அப்படியானால் நாங்களே ஒன்றைச் செய்தால் என்ன என்று வில்க்ஸ் சகோதரர்கள் யோசித்தார்கள். 1947இல் செய்த முதல் மாதிரி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. ஸ்ரியரிங் நடுவில் இருந்தது. இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு விதமாகச் செய்யும் செலவு மிச்சமாகும் என்ற எண்ணம்.

உருக்கு இல்லாத குறைக்கு, உடல் தகடுகளை பேர்மாபிரைற் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். வளைவான தகடு அழுத்த விலையுயர்ந்த அச்சுகள் வேண்டும். அதனால் எல்லாம் தட்டை, எல்லாம் நேர்கோடு. இன்றைக்கு எல்லோரும் ரசிக்கிற அந்தப் பெட்டி வடிவம் அழகுக்காக வந்ததல்ல, வசதியில்லாமல் வந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வெளியிட்டார்கள். விலை 450 பவுண். இரண்டு மூன்று வருடம் சமாளிக்க என்று செய்த வாகனம், சொலிஹலில் 2016 ஜனவரி 29 வரை ஓடி, இருபது இலட்சத்தைத் தாண்டியது.

சமாளிக்கச் செய்ததால் வந்த நன்மை ஒன்று உண்டு. பொருத்தினதை எல்லாம் கழற்றலாம். முன்பக்கச் சிறகுத்தகடு ஆணிகளில்தான் நிற்கிறது. கதவை ஒருவர் தனியாகத் தூக்கி எடுக்கலாம். அங்குல அளவு ஸ்பனர் செற் ஒன்று, ஜாக்கி, சுத்தியல், பொறுமை. இவை இருந்தால் முக்கால்வாசி வேலையை முற்றத்திலேயே செய்யலாம்.

ஆனால் அலுமினியம் கறள் பிடிக்காது என்பதை நம்பி ஏமாறக்கூடாது. மேலே அலுமினியம், கீழே உருக்கு. இரண்டும் தொடுகிற இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். சேசி என்று நாங்கள் சொல்லும் அடிச்சட்டமோ உள்ளே வெறுமையான பெட்டிக் குழாய். சேறும், குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பும் உள்ளே போய்த் தங்கி உள்ளிருந்து வெளியே தின்னும். வெளியே கறுப்புப் பூச்சு மினுங்கிக்கொண்டிருக்கும், ஸ்குறூ டிறைவரால் குத்தினால் பிடி வரைக்கும் உள்ளே போகும். என்னுடையதில் அப்படித்தான் போனது. பின்பக்கக் குறுக்குச்சட்டமும் ஸ்பிறிங் தொங்குகிற இடங்களும் பிஸ்கற் மாதிரி. சில வருடம் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். கடைசியில் வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பே மிஞ்சவில்லை. பழைய அளவிலேயே செய்து நாகம் பூசிய புதுச் சேசி ஒன்றுக்குக் காசு கட்டினேன். ஒரு வாகனத்தின் அடியை உருவிவிட்டு வேறு அடி வைக்கிற வேலை அது. மூன்று கோடைகாலம் எடுத்தது.

அப்போதுதான் இந்த நாட்டின் எட்டுப் புள்ளிக் கணக்கு எனக்கு அறிமுகமானது. வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ பல வருடங்களாக வைத்திருந்த விதி. பெரிதாக மாற்றம் செய்த வாகனம் பழைய பதிவு இலக்கத்தை வைத்திருக்க வேண்டுமானால் 8 புள்ளி வேண்டும். சேசிக்கு 5, ஸ்பிறிங் வகையறாக்களுக்கு 2, அச்சுகளுக்கு 2, கியர் பொக்ஸ் தொகுதிக்கு 2, ஸ்ரியரிங்குக்கு 2, இஞ்சினுக்கு 1. மொத்தம் 14. எட்டு வராவிட்டால் இலக்கம் பறிபோய், கியூ எழுத்தில் தொடங்கும் இலக்கம் வரும். கியூ என்றால் வயதோ அடையாளமோ உறுதியில்லாதது என்று பொருள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்து, நான் நான்தான் என்று நிரூபிக்க அலைந்தவன் நான். அந்தக் கியூவின் அர்த்தம் எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

என் வாகனம் தப்பியது. புதுச் சேசி, பழைய சேசியின் அளவில் மாற்றமில்லாமல் செய்தது என்றால் 5 புள்ளியும் முழுதாகக் கிடைக்கும். ஒன்றோடொன்று உரசிக் கறள் பிடிக்கும் பழைய பல தகட்டு ஸ்பிறிங்கை எறிந்துவிட்டு, உரசாத பரபோலிக் ஸ்பிறிங் போட்டேன். அதில் 2 போனாலும் 12 இருக்கிறது. மகன், டிஸ்கவரியிலிருந்து 200 ரிடிஐ டீசல் இஞ்சினைப் போடுவோம் என்று நின்றான். அப்படிச் செய்தாலும் 11. பழைய பெற்றோல் இஞ்சினின் பலத்துக்கென்று செய்த கியர் பொக்ஸும் ட்ரம் பிறேக்கும் பாவம் என்று சொல்லி அதை மட்டும் மறித்துவிட்டேன். (2025 ஓகஸ்டில் இந்த விதிகளைத் தளர்த்திவிட்டார்கள். பழைய தோற்றம் மாறாமல் அதே வகைப் பாகங்களால் திருத்தினால் அறிவிக்கவே தேவையில்லை. பெரிய மாற்றம் செய்தாலும் அறிவித்துவிட்டுப் பழைய இலக்கத்தோடு ஓடலாம்.)

ஆனாலும் அந்தக் கணக்கு என் மண்டையை விட்டுப் போகவில்லை. எலும்புக்கூட்டுக்கு ஐந்து. இதயத்துக்கு ஒன்று. இது எந்த ஊர் நியாயம்?

எங்கள் ஊரில் கணக்கு வேறு. யாழ்ப்பாணத்தில் அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் ஒன்று இருந்தது. 1990இல் சண்டை மறுபடி தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் அளந்து வைக்கிற சாமானாகிவிட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் காலத்து இஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் அது சாத்தியமானது. இப்போதைய இஞ்சினென்றால் அடித்து உடைந்துவிடும். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அப்பா முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வார். சூடேறின பிறகு குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார். ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலோடு கலந்து ஒயில் தண்ணீராகிவிடும் என்பதால், கம்பியை இழுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பதும் மணந்து பார்ப்பதும் அவருடைய காலைக் கடமை. ஒயிலும் தட்டுப்பாடுதான்.

இன்றைக்கும் என் லாண்ட் றோவரின் ஒயில் கம்பியை இழுத்தால் கை தானாக மூக்குக்குப் போகிறது. மகன் சிரிப்பான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தது. எங்கள் காரில் ஊற்ற மண்ணெண்ணெயும் இல்லை. அப்பா பற்றறியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். திரும்பி வந்து பூட்டலாம் என்றார். 1996இல் திரும்பியபோது கோடியில் சேசி மட்டும் கிடந்தது. இஞ்சின், கியர் பொக்ஸ், சில்லு, கதவு ஒன்றுமில்லை. அப்பா சேசியைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, “இது கார் இல்லை” என்று சொல்லிப்போட்டு உள்ளே போய்விட்டார். டி.வி.எல்.ஏ கணக்கில் அது 5 புள்ளி. அப்பாவின் கணக்கில் பூச்சியம்.

போன வருடம் தங்கச்சி ஊரிலிருந்து எடுத்தாள். நான் வழமைபோல் வாகனத்துக்குக் கீழே. “அண்ணை, பழைய இரும்புக்காரர் வந்து நிக்கினம். அப்பான்ரை காரின்ரை சேசியைக் குடுக்கட்டோ?”

என்னுடைய லாண்ட் றோவரின் பழைய சேசியை நானே மூன்று துண்டாக வெட்டி இரும்புக்குப் போட்டவன். ஒரு சொட்டுக் கவலையும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு நியாயமும் இல்லை.

“கிடக்கட்டும்” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “நானும் அதைத்தான் சொல்லிப்போட்டன். சும்மா கேட்டனான்.”

வருகிற சனிக்கிழமை பின்பக்கப் பிறேக் ட்ரம்களைக் கழற்ற வேண்டும். இடப்பக்கம் ஒயில் கசிகிறது. அன்றைக்குத் தொலைபேசி எடுப்பவர்களுக்கு என்ன பதில் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.